கோபமே காட்டாத வண்டி: முதல் பைக்காக டிரையம்ஃப் ஸ்பீட் 400

"முதல் பைக்காவே ஸ்பீட் 400 எடுத்துடலாமாண்ணா?" பெங்களூரில் ஸ்கூட்டரில் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கும் தம்பிகள், கையில் முதல் போனஸ் விழுந்ததும் கேட்கும் கேள்வி இது. ஷோரூமில் கேட்டால் தாராளமாக எடுக்கலாம் என்பார்கள். வீட்டில் கேட்டால் பைக்கே வேண்டாம் என்பார்கள். சரியான பதில் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைச் சொல்ல வண்டியையும் இந்த ஊர் ரோட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வண்டி. 2023 ஜூலையில் 2.33 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. முதல் 10,000 பேருக்கு 2.23 லட்சம். பெயர் டிரையம்ஃப் என்ற பிரிட்டிஷ் கம்பெனியுடையது என்றாலும் தயாரிப்பு புனே பக்கம் பஜாஜின் சாக்கன் ஆலையில். 398 சிசி, ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், 6 கியர். 8,000 ஆர்பிஎம்மில் 40 பிஎஸ் சக்தி, 6,500 ஆர்பிஎம்மில் 37.5 நியூட்டன் மீட்டர் டார்க். டேங்க் 13 லிட்டர். முதலில் வந்த மாடலில் சீட் உயரம் 790 மி.மீ., ஆகவே ஐந்தடி நாலு அங்குலம் இருப்பவருக்கும் சிக்னலில் கால் எட்டும். எடை 170 கிலோவுக்கு மேல். இதன் பக்கத்தில் ஒரு ஆக்டிவாவை நிறுத்திப் பாருங்கள்: எட்டு பிஎஸ்கூட முழுதாக இல்லை, எடை நூற்றுச் சொச்சம் கிலோ. அதாவது ஸ்கூட்டரிலிருந்து இதற்கு மாறுகிறவருக்கு எடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது, சக்தியோ ஐந்து மடங்காகிறது. பலரும் கணக்குப் பார்க்காமல் விடுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

2024 செப்டம்பரில் 2.40 லட்சத்துக்கு வந்த மாற்றத்தில் சீட்டில் மெத்தை கூடியது, டயரின் பக்கச்சுவர் உயர்ந்தது. கூடவே கிளட்ச், பிரேக் லீவர்களைக் கைக்கு ஏற்றபடி தள்ளியும் நெருக்கியும் வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. விளம்பரத்தில் கடைசி வரியாக வந்த இந்த லீவர் விஷயம்தான் புதியவருக்கு முதல் விஷயம். வண்டி எடுத்த அன்றே செய்ய வேண்டியது: சீட்டில் சாதாரணமாக உட்கார்ந்து, முழங்கையை லேசாக மடக்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லீவர் மேல் இருக்கும்படி வையுங்கள். விரலின் முதல் மூட்டு லீவரில் படிய வேண்டும். நுனி மட்டும் தொட்டால் லீவர் தூரத்தில் இருக்கிறது. அவசரத்தில் நுனிவிரலால் இழுப்பவர் ஒன்று பாதி பிரேக்தான் பிடிப்பார், இல்லையென்றால் மொத்தக் கையையும் வீசிப் பிடுங்குவார். லீவர் கீழ்நோக்கியும் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்காமல் முன்கையோடு நேர்கோட்டில் இருந்தால் சரி. ஸ்பேனர் பிடித்துப் பத்து நிமிட வேலை. சர்வீஸ் ஆட்களிடம் சொன்னால் அங்கேயே செய்து தருவார்கள்.

ஓட்டும் குணத்துக்கு வருவோம். கிளட்ச் லேசு. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை இருப்பதால் சில்க் போர்டு நெரிசலில் இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டே போகலாம், திணறாது. அவசரமாகக் கியர் குறைத்தாலும் ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் பின்சக்கரம் துள்ளாது. டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கிறது. சுருக்கமாக, வண்டி படு மரியாதையானது. அங்கேதான் சிக்கலும்.

ஒரு 110 சிசி வண்டி 80-ஐத் தொடும்போதே சொல்லிவிடும்: ஹாண்டில் உதறும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரியும், எஞ்சின் கத்தும். ஓட்டுபவருக்குப் பயம் தானாக வரும். ஸ்பீட் 400 அதே 80-இல் அலுங்காமல் நிற்கும். கையில் அதிர்வு உணர்கிற ஆர்பிஎம் அதற்கு வெகு மேலே. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேகோமீட்டரோ ஒரு சின்னத் திரையில் ஓரமாக ஓடும் கோடு, வெயிலில் சரியாகப் படிக்க முடியாது. பெரிய முள்ளுள்ள ஸ்பீடோமீட்டர் நல்லது, ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால்தானே பார்ப்பார்கள்? 55-இல் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு 75-இல் போவது இந்த வண்டியில் மிக எளிது. முதல் மூன்று மாதம் ஒவ்வொரு சந்திப்புக்கு முன்னும் முள்ளை ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இது வெறும் பெரியவர் புலம்பல் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்கில் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அமெரிக்காவில் 1981-இல் ஹாரி ஹர்ட் குழு பைக் விபத்துகள் பற்றி வெளியிட்ட ஆய்வு பழையதுதான், ஆனால் அதில் ஒரு தகவல் இன்றும் உறைக்கும். விபத்தில் சிக்கியவர்களின் மொத்த ஓட்டும் அனுபவம் சராசரியாக மூன்று வருடத்துக்குப் பக்கம். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதம்கூட ஓட்டியிருக்கவில்லை. ஆக, பத்து வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டிய மாமாவும் புது வண்டியில் புது ஆள்தான். அவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டார், நண்பர்களிடமோ கற்றவர்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய யாரிடமாவது, 50-இலிருந்து பிரேக் பிடித்து நிறுத்திக் காட்டச் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பிரேக்: இந்த வண்டியின் பலமும், புதியவரின் பலவீனமும்

முன்னால் 300 மி.மீ. டிஸ்க், நாலு பிஸ்டன் ரேடியல் காலிப்பர். பின்னால் 230 மி.மீ. டிஸ்க். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. ஸ்கூட்டர் டிரம் பிரேக்கில் பழகிய கைக்கு இந்த முன் பிரேக் வேறு உலகம்.

"முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும், பின் பிரேக்கே போதும்" என்பது தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் அறிவுரை. சைக்கிள் காலத்தில் பிறந்தது. அதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். குறுக்கே ஆட்டோ வந்ததை மூளை உணர்ந்து கை அசைய ஒரு விநாடி என்று வையுங்கள். பிரேக் தொடும் முன்பே 16.7 மீட்டர் போயாயிற்று. காய்ந்த ரோட்டில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால் விநாடிக்கு விநாடி சுமார் 7 மீட்டர் வேகம் குறையும், அப்போது நிற்க இன்னும் 20 மீட்டர். பின் பிரேக் மட்டும் என்றால் அதில் பாதிதான் குறையும், நிற்க 40 மீட்டர். அந்த வித்தியாசம் இரண்டு பிஎம்டிசி டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தும் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். இன்னொரு எண்ணும் நினைவில் இருக்கட்டும்: இதே நல்ல பிரேக்கில் 40-இலிருந்து நிற்க 9 மீட்டர் போதும், 80-இலிருந்து 35 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு.

எங்கே தப்பு நடக்கிறது? பயந்தவர் முன் லீவரைப் படக்கென்று இறுக்குகிறார். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்ந்து டயரை ரோட்டோடு அமுக்க வேண்டும். அதற்குக் கால் விநாடி, அரை விநாடி நேரம் வேண்டும். எடை வந்து சேரும் முன் பிரேக் வந்துவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அடுத்த நொடி ஆள் தரையில். இதில் ஏபிஎஸ் காப்பாற்றும், ஆனால் வண்டி நிமிர்ந்திருந்தால் மட்டும்.

பயிற்சி செய்ய இடம் வேண்டும். கெங்கேரி பக்கம் நாடப்பிரபு கெம்பேகவுடா லேஅவுட் போல, மனை பிரித்து ரோடு போட்டு வீடுகள் இன்னும் அதிகம் வராத லேஅவுட்டுகள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நல்லவை. மணல், குப்பை இல்லாத நூறு மீட்டர் நேர் ரோட்டை முதலில் நடந்தே பாருங்கள். ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை அடையாளமாக வையுங்கள். இரண்டாம் கியரில் 30-இல் வந்து, பாட்டில் பக்கம் வந்ததும் ஆக்சிலேட்டரை மூடி, இரண்டு பிரேக்கையும் தொட்டு, பிறகு முன் லீவரை எலுமிச்சை பிழிவது போல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தொடுவதும் பிழிவதும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கண் தூரத்தில்; சக்கரத்தைப் பார்த்தால் வண்டி கோணும். நிற்பதற்குச் சற்று முன் கிளட்ச், நிற்கும்போது முதல் கியர், இடது கால் தரையில். பாட்டிலிலிருந்து எத்தனை அடி வைத்து நடந்தால் வண்டி வருகிறது என்று எண்ணுங்கள். இருபது முறை. எண்ணிக்கை சீராக வந்த பிறகுதான் 40. அது சீரானால் 50. அதற்கு மேல் பொது ரோட்டில் பயிற்சி வேண்டாம்.

அடுத்து, ஏபிஎஸ்ஸை வேண்டுமென்றே எழுப்பிப் பாருங்கள். 30-இல் நேராகப் போகும்போது பின் பிரேக்கை மட்டும் மிதியுங்கள். பெடல் காலடியில் டக்டக்கென்று உதைக்கும். பிறகு முன் லீவரில் அதே உதைப்பை உணரும் வரை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. இதை முன்பே உணராதவர், நிஜமான ஆபத்தில் லீவர் துடித்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துப் பிரேக்கை விட்டுவிடுவார். விடக் கூடாது, அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஜல்லி, தளர்ந்த மண் மேல் ஏபிஎஸ் வண்டியை விழாமல் வைக்கும், ஆனால் நிற்கும் தூரம் கூடும். அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

புது வண்டியின் முதல் 150 கி.மீ. இந்தப் பயிற்சிக்கும் ஆகாது. புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும், புது பிரேக் பேடு டிஸ்கோடு இன்னும் பொருந்தியிருக்காது. மெதுவாக உருட்டுங்கள்.

நின்ற இடத்தில் விழுவது

யாரும் வெளியில் சொல்லாத, எல்லாருக்கும் நடக்கும் விபத்து இது. சிவாஜிநகர் சந்து, ஸ்ரீராம்புரம் குறுக்குத் தெரு போன்ற இடத்தில் யு-டர்ன். ஹாண்டில் முழுக்கத் திரும்பியிருக்கிறது, வேகம் நடை அளவு, ஒரு நாய் குறுக்கே வருகிறது, வலது கை முன் பிரேக்கைப் பிடிக்கிறது. திரும்பிய சக்கரம் நின்றதும் மொத்த எடையும் உள்பக்கம் விழும். இங்கே ஏபிஎஸ்ஸும் உதவாது. 170 கிலோ ஒருமுறை சாய்ந்துவிட்டால் கால் ஊன்றித் தாங்க முடியாது. தாங்கப் போனால் முழங்கால் போகும். விட்டுவிட்டு விலகுவதுதான் புத்தி.

விழாமல் இருக்க வழி எளிது. ஹாண்டில் திரும்பியிருக்கும்போது வலது கை விரல்கள் முன் லீவரைத் தொடவே கூடாது. ஆக்சிலேட்டர் துளி திறந்து நிலையாக, கிளட்ச் பாதி பிடியில், வேகத்தைக் குறைப்பது பின் பிரேக். தலையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் லேசான கிளட்ச் இதற்குப் பெரிய வசதி. ஐந்து மீட்டர் அகலத்தில் எட்டு போட வந்துவிட்டால் நகரத்தில் பாதிப் பயம் போய்விடும்.

இந்த ஊர் ரோடு

பெங்களூர் ரோட்டுக்கென்று சில தனித் தந்திரங்கள் உண்டு. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் தடுப்புப் பலகை ஓரமாக ஜல்லியும் ஈரச் சேறும் ஒரு பட்டையாகக் கிடக்கும். நெரிசலில் ஓரம் ஒதுங்கும் பைக்குகள் சரியாக அதன் மேல்தான் ஏறும். ஒயிட் டாப்பிங் போட்ட கான்கிரீட் ரோடும் பழைய தார் ரோடும் சேரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு விளிம்பு இருக்கும். அதற்கு இணையாகப் போய்க்கொண்டே மெதுவாக ஏறப் பார்த்தால் முன்சக்கரம் விளிம்பைத் தேய்த்துக்கொண்டு வழுக்கும். கொஞ்சம் விலகி, கோணத்தை அகலமாக்கி, ஆக்சிலேட்டரை நிலையாக வைத்து ஏற வேண்டும். வெள்ளை பூசாத ஹம்ப் (வேகத்தடை) இந்த ஊரின் குடிசைத் தொழில். இரவில் முன்னால் போகும் காரின் பின்விளக்கு துள்ளுகிறதா என்று பார்ப்பதே அதைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே கருவி. ஹம்பு மேல் ஏறும்போது பிரேக்கை விட்டிருக்க வேண்டும். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுக்க அமுங்கி ஹாண்டில் கையை உதறும்.

மழை தனி. கோடையின் முதல் மழையில் பத்திருபது நிமிடம்தான் மோசமான நேரம்: மாதக்கணக்கில் சேர்ந்த எண்ணெயும் தூசும் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும். சிக்னல் கோட்டுக்குப் பக்கம், லேனின் நடுப்பகுதியில் இது அதிகம், ஏனென்றால் நிற்கும் வண்டிகளின் எஞ்சின் சொட்டுவது அங்கேதான். காரின் சக்கரம் போகும் தடத்தில் நில்லுங்கள். இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் யோசிக்காதது: பூ. மார்ச் மாதம் ஊரே இளஞ்சிவப்பாகும் தபேபுயாவும் பிறகு வரும் குல்மோகரும் போட்டோவுக்கு அழகு. நனைந்த இதழ்கள் ரோட்டில் நசுங்கிக் கிடந்தால் வாழைப்பழத் தோல்தான். மரத்தடித் திருப்பங்களில் நிமிர்ந்தே போங்கள்.

டிராக்ஷன் கண்ட்ரோலை அணைக்கும் வசதி உண்டு. மழையில், ஏன், முதல் வருடம் முழுக்கவே, அணைக்க ஒரு காரணமும் கிடையாது. ஆனால் அது பின்சக்கரம் சுழல்வதை மட்டுமே தடுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் அதற்குச் சம்பந்தமே இல்லை.

நந்தி மலை என்ற பரீட்சை

வண்டி எடுத்த அடுத்த ஞாயிறு அதிகாலை எல்லாரும் போகும் இடம் நந்தி மலை. ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர், உச்சி 1,478 மீட்டர். தூக்கம் போதாத ஆள், இருட்டு, பனிமூட்டம், ஈர ரோடு, ஆறாத ஆர்வம், கூட வருபவர்களின் வேகம். கற்றுக்கொள்ள இதைவிட மோசமான வகுப்பறை இல்லை.

வளைவில் புதியவர் விழும் விதம் எப்போதும் ஒன்றேதான். வேகமாக உள்ளே போகிறார். பாதியில் பயம் வருகிறது. ஆக்சிலேட்டரைச் சட்டென மூடி, சாய்ந்த வண்டியில் பிரேக்கைப் பிடிக்கிறார். கண் எதிரே உள்ள தடுப்புச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வண்டி கண் போன இடத்துக்கே போகிறது. டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளலாம். சாய்வதற்கு எவ்வளவு செலவானதோ, அது போக மிச்சம்தான் பிரேக்குக்கு. ஸ்பீட் 400-இன் ஏபிஎஸ் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் வகை இல்லை. சாய்ந்த நிலையில் லீவரை அழுத்திப் பிடித்தால் அது கையிருப்பைப் பார்த்துச் செலவழிக்காது.

ஆகவே பிரேக்கும் கியர் குறைப்பும் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடிய வேண்டும். உள்ளே ஆக்சிலேட்டர் துளி திறந்து, நிலையாக. பார்வை வளைவு முடியும் இடத்தில். வண்டியைத் திருப்ப, போக வேண்டிய பக்கத்து ஹாண்டிலை முன்னால் லேசாகத் தள்ளுங்கள்: இடப்பக்கம் போக இடது கை. கேட்க விசித்திரம், 40-இல் காலி ரோட்டில் செய்து பார்த்தால் உடனே புரியும். உள்ளே வந்த பிறகு வேகம் அதிகம் என்று தோன்றினால் அந்தக் கையை இன்னும் தள்ளுங்கள். பெரும்பாலும் வண்டியால் முடியும், ஆள்தான் கைவிடுகிறார். நிஜமாகவே ரோடு முடிகிறது என்றால் வண்டியை முதலில் நிமிர்த்தி, அப்புறம் இரண்டு பிரேக்கும்.

இறங்கும்போது இரண்டாம் கியர். எஞ்சினே வேகத்தைப் பிடித்துவைக்கும், பிரேக் சூடாகாது. குரங்குகள் ரோட்டில் உட்கார்ந்திருக்கும், ஹார்ன் அவற்றுக்கு அர்த்தமில்லாத சத்தம். பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு இந்த மலையில் இறங்குவதை முதல் 2,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போடுங்கள். ஆள் எடை கூடினால் இதுவரை பழகிய பிரேக் தூரமெல்லாம் பொய்யாகிவிடும்.

தீபாவளிக்கு ஊருக்கு

பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்த வண்டியின் உண்மையான வேலை வருடத்துக்கு நாலு முறை வரும்: அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம். வண்டி இதற்கு நன்றாகவே பொருந்தும். 90-இல் நிம்மதியாகப் போகும், முந்துவதற்குக் கையில் மிச்சம் இருக்கும். காற்றுத் தடுப்பு இல்லாததால் 100-க்கு மேல் நெஞ்சில் காற்று அறையும், இரண்டு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். புதியவருக்கு அது ஒரு நல்ல வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மைசூர் பக்கம் போகிறவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை என்பதை மறக்க வேண்டாம். சர்வீஸ் ரோடுதான், அதில் எதிர்த்திசையில் டிராக்டர் வந்தாலும் ஆச்சரியமில்லை.

சேலம் பாதையில் கவனிக்க வேண்டியது தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து இறங்கும் சரிவில் பாரமேற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதுவது அடிக்கடி செய்தியில் வரும். அங்கே பைக்குக்கான விதி: லாரிக்கு முன்னால் இருக்காதே. கண்ணாடியில் வேகமாக நெருங்கும் லாரி தெரிந்தால் இடப்பக்கம் ஒதுங்கிப் போக விடுங்கள். இரண்டு லாரிக்கு நடுவில் சிக்க வேண்டாம். ஓரம் நிறுத்திப் போன் பேசும் இடமும் அதுவல்ல.

ஹெல்மெட்டுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்குங்கள்

ஜே.சி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், போலியும் கிடைக்கும். ஐஎஸ் 4151 முத்திரை சட்டப்படி கட்டாயம். அதோடு இசிஇ 22.06 என்ற ஐரோப்பியச் சான்றும் உள்ள முழு முக ஹெல்மெட் ஐயாயிரம் ரூபாய் பக்கத்திலேயே வந்துவிட்டது. அளவு பார்க்க: போட்டால் கன்னம் அமுங்க வேண்டும், நெற்றியில் ஒரு புள்ளியில் மட்டும் குத்தக் கூடாது; பட்டியை மாட்டிப் பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளினால் கழன்று வரக் கூடாது. ஒருமுறை தலையோடு தரையில் அடிபட்ட ஹெல்மெட்டின் உள் தெர்மோகோல் தன் வேலையை முடித்துவிட்டது, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அடுத்தது கையுறை, ஏனென்றால் விழுபவர் முதலில் ஊன்றுவது உள்ளங்கை. உள்ளங்கை அடிப்பகுதியில் கெட்டியான வழுக்குப் பட்டை உள்ளதாக, இஎன் 13594 சான்றுடன் வாங்குங்கள். ஜாக்கெட்டில் இஎன் 17092 வகுப்பு ஏ அல்லது ஏஏ நகரத்துக்குப் போதும். முதுகில் வெறும் ஸ்பாஞ்ச் வைத்து விற்பார்கள், அதை எடுத்துவிட்டு இஎன் 1621-2 பேடு போடச் சொல்லுங்கள். கணுக்கால் மூடும் ஷூ. செருப்போடு இந்த வண்டியில் கியர் போடுபவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கிராஷ் கார்டு போடலாம். முன்னால் திறந்திருக்கும் ரேடியேட்டரும் எஞ்சின் கவரும் நின்ற இடத்து விழுதலில் தப்பும். இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் வசதி) சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வளைந்த லீவருக்கும் உடைந்த இண்டிகேட்டருக்கும் கிளெய்ம் போகாதீர்கள். முதல் வருடமே கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

சரி, எடுக்கலாமா? 125, 150 சிசி கியர் வண்டியில் ஒன்றிரண்டு வருடம் நகரத்தில் ஓட்டியவருக்கு, மேலே சொன்ன பயிற்சியைச் செய்யும் பொறுமை இருந்தால், தாராளமாக. ஸ்கூட்டரிலிருந்து நேரே குதிப்பவருக்கு வேண்டாம். அவருக்கு ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 பொருத்தம்: எடை இதைவிடக் கூட, 181 கிலோ, ஆனால் 20 பிஎஸ்தான், வேகம் கூடக் கூட வண்டியே தயங்கிச் சொல்லிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஸ்பீட் டி4 என்று 31 பிஎஸ்ஸில் ஒரு தம்பி வண்டி உண்டு. கீழ் வேகத்து இழுவை கிட்டத்தட்ட அண்ணனுடையதே, ஆகவே கற்றுக்கொள்ள அது பெரிய வித்தியாசம் தராது.

பழைய வண்டியாக எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 3,000, 4,000 கிலோமீட்டரே ஓடிய ஸ்பீட் 400 விற்பனைக்கு வந்தால் ஏன் விற்கிறார் என்று வண்டியிடமே கேளுங்கள். ஹாண்டில் முனை எடை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் முனை, எஞ்சின் கவர்: நாலிலும் ஒரே பக்கம் தேய்ப்பு இருந்தால் விழுந்த வண்டி. அது மட்டும் என்றால் பரவாயில்லை, பேரம் பேசலாம். ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் முட்டி நிற்கும் இரும்பு நிறுத்தியை டார்ச் அடித்துப் பாருங்கள். அது நசுங்கியோ பெயின்ட் உதிர்ந்தோ இருந்தால், டேங்கில் ஹாண்டில் இடித்த பள்ளம் இருந்தால், வேகத்தில் விழுந்து உருண்டிருக்கிறது. பிறகு முன்சக்கரத்தை நேராக வைத்து, சீட்டில் உட்கார்ந்து ஹாண்டிலைப் பாருங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டாவிட்டால் ஃபோர்க் முறுக்கியிருக்கிறது, அதைத் தளர்த்தி நேராக்கலாம். ஆனால் ஃபோர்க் மேலே சேரும் தலைப்பகுதியில் ஃபிரேம் பெயின்ட் முடிபோல விரிசல் விட்டிருந்தால், நாற்பதாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.